சாதாவா, ஸ்பெஷலா?

தேநீர்க் கடைப் பெஞ்சில் அமர்ந்த மாத்திரத்தில் கடைப்பையன் கேட்கும் கேள்வி இது. எழுபத்தைந்து ஆண்டு வாழ்வில் இக்கேள்விக்கு எத்தனை ஆயிரம் முறை விடையிறுத்திருப்பேன்! பெரும்பாலும் 'சாதா' என்றே சொல்லியிருக்கிறேன். சிக்கனம் ஒரு காரணம். ஸ்பெஷலில் பாலும் சர்க்கரையும் கூடுமேயன்றித் தேயிலையின் தரம் கூடுவதில்லை என்பது மற்றொரு காரணம். ஆயினும் 2017ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்காவிலிருந்து என் மகன் தொலைபேசியில் இதே கேள்வியைக் கேட்டபோது என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. அவன் கேட்டது தேநீரைப் பற்றியன்று, மடிக்கணினியைப் பற்றி.

நான் பிழைத்தது தட்டெழுத்தால். 1976 முதல் 2006 வரை முப்பது ஆண்டுகள் மேலப்பாளையத்தில் ஒரு தட்டெழுத்துப் பயிலகம் நடத்தினேன். மாடியில் ஓர் ஓட்டுக் கூடம். அதில் பன்னிரண்டு பொறிகள். ரெமிங்டன் நான்கு, ஹால்டா மூன்று, ஃபாஸிட் ஒன்று, எஞ்சியவை கோத்ரெஜ். ஆண்டுக்கு இருமுறை அரசுத் தேர்வு நடக்கும். ஆங்கிலத்தில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள், முதுநிலைக்கு 45 சொற்கள் அடிக்க வேண்டும். கைத்தறிக்குப் பெயர்போன எங்கள் ஊரில், மாலை ஐந்து மணிக்கு மேல் என் மாடியிலிருந்தும் ஒரு தறியோசை கேட்கும் என்று தெருவார் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

தமிழ்ப் பொறியில் கற்பிப்பது தனிக் கலை. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா என்னும் பெருமகனார் தமிழுக்குத் தட்டெழுத்துப் பொறி அமைத்தபோது, 247 எழுத்துகளையும் அந்தச் சிறு பலகைக்குள் அடக்க ஓர் அருமையான வழி கண்டார். புள்ளியும் இகர ஈகாரக் குறிகளும் நகரா விசைகளில் வைக்கப்பட்டன. அவற்றை அழுத்தினால் குறி தாளில் பதியும், தாள் நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அக்குறியின் கீழேயே வந்து அமரும். ஆகவே 'கி' என்று அடிக்க விரும்புபவன் முதலில் விசிறியை அடித்துப் பின் ககரத்தை அடிக்க வேண்டும். ஒரு மாணவன் இதைப் பழகிக்கொள்ள ஆறு வாரம் ஆகும். பழகிய பின் ஆயுள் உள்ளளவும் மறக்காது. இன்று கணினியில் தமிழ் அடிக்கப் பலவித முறைகள் வந்துவிட்டன. 1999இல் வகுத்த தமிழ்99 முறை கற்பதற்கு எளிது என்று அறிந்தோர் சொல்வர். என் விரல்களோ பழைய தட்டெழுத்து முறையை விட்டு அசைய மாட்டேன் என்கின்றன.

என் மகனும் மகளும் அந்த மாடியில்தான் விரல் பழகினார்கள். மகன் நிதானம், பிழையின்றி அடிப்பான், ஆனால் வேகம் வராது. மகளோ கண்ணை மூடிக்கொண்டு அடிப்பாள். இரு மொழியிலும் முதுநிலை தேறியபோது அவளுக்கு வயது பத்தொன்பது. மறு ஆண்டே திருமணம் ஆயிற்று. அச்சான்றிதழ்கள் நான்கும் அவள் பெட்டிக்குள் போயின. அவற்றைக் கொண்டு அவள் ஒரு நாளும் வேலைக்குப் போகவில்லை. அந்நாளில் அதை ஒரு குறையாக நான் எண்ணவுமில்லை. இப்போது எண்ணுகிறேன்.

2006இல் பயிலகத்தை மூடினேன். பதினொரு பொறிகளைப் பழைய இரும்புக்காரர் எடை போட்டு எடுத்துச் சென்றார். ஒரு தமிழ்க் கோத்ரெஜை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை. அது இன்றும் பரணில் இருக்கிறது.

மூன்றாண்டுகள் கழித்து மகன் ஊர் வந்தபோது, தன் அலுவலகத்தில் கழித்துவிட்ட ஒரு மடிக்கணினியை எனக்குக் கொண்டுவந்தான். திங்க்பேட் டி60 என்பது அதன் பெயர். கறுப்பு நிறம், ஓர் அலங்காரமும் இல்லை. திறந்து விரல் வைத்தேன். வைத்த கணமே, இதைச் செய்தவர்கள் தட்டெழுதுவோரை அறிந்தவர்கள் என்று தெரிந்துவிட்டது. விசை ஒவ்வொன்றும் விரல் நுனிக்கு ஏற்பச் சற்றே குழிந்திருந்தது. அழுத்தினால் ஆழம் சென்று திரும்பியது. மேலிருந்து கீழாக ஏழு வரிசை விசைகள். வலப்பக்க மேல்மூலையில் அழிக்கும் விசை, வரியின் தலைக்கும் கடைக்கும் செல்லும் விசைகள், பக்கம் புரட்டும் விசைகள் ஆகியவை தனிக் கூட்டமாக நின்றன. பார்க்காமலே கை அங்கே போகும். போன இடத்தில் அது இருக்கும்.

அந்தக் கணினியில் ஏழாண்டுகள் உழைத்தேன். ஊர்க் கவிஞர்களின் கையெழுத்துப் படிகள், நிக்காஹ் அழைப்பிதழ்கள், பள்ளிவாசல் வரவு செலவுக் கணக்கு எல்லாம் அடித்துக் கொடுத்தேன். எல்லாவற்றினும் மேலாக, என் மனைவியின் பாட்டியார் அரபுத்தமிழில் எழுதி வைத்திருந்த நான்கு நோட்டுப் புத்தகங்களைத் தமிழ் எழுத்துக்கு மாற்றும் பணியையும் அதில்தான் தொடங்கினேன். மருந்துக் குறிப்புகளும் தாலாட்டுகளும் கடன் கணக்குகளும் கலந்து கிடக்கும் நோட்டுகள் அவை. மனைவி அருகிலிருந்து வாசிக்க நான் அடிப்பேன். ஒன்றரை நோட்டு முடிந்த நிலையில், 2015இல் அவள் இறைவனடி சேர்ந்தாள். மறு ஆண்டு கணினியும் நின்றுவிட்டது. தாய்ப்பலகை போய்விட்டது, இனிச் செலவு செய்வது வீண் என்றார் பழுது பார்ப்பவர்.

இனி 2017க்கு வருகிறேன். திங்க்பேட் என்னும் வரிசையில் பெயர்பெற்ற முதல் மடிக்கணினியாகிய 700சி, ஐ.பி.எம். நிறுவனத்தால் 1992 அக்டோபரில் வெளியிடப்பட்டது. அதன் உருவை வகுத்தவர் ரிச்சர்டு சாப்பர் என்னும் ஜெர்மானியர். ஜப்பானியரின் கறுப்புச் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்து அந்த எண்ணம் கொண்டார் என்பர்: வெளியே வெறும் கறுப்புப் பெட்டி, திறந்தால் உள்ளே எல்லாம் அதனதன் அறையில். 2005இல் அத்தொழில் முழுவதும் சீனத்து லெனோவா நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2012இல் அவர்கள் விசைப்பலகையின் ஏழு வரிசையை ஆறாகக் குறைத்தார்கள். குழிந்த விசைகள் போய்த் தட்டையான, தீவுதீவான விசைகள் வந்தன. பழகிய அன்பர்கள் உலகெங்கிலுமிருந்து முறையிட்டார்கள். நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவராயிருந்த டேவிட் ஹில் 2015இல், 'பழைய முறையில் ஒன்று செய்தால் எப்படியிருக்க வேண்டும்?' என்று அவர்களையே கேட்டார். அதன் விளைவாக வெள்ளிவிழாவையொட்டி, 2017 அக்டோபரில் 'திங்க்பேட் 25' என்னும் சிறப்புப் பதிப்பு வெளிவந்தது. அளவாகச் செய்தது; தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

அதன் படங்களை மகன் எனக்கு அனுப்பியிருந்தான். ஏழு வரிசை! அந்த வலப்பக்கக் கூட்டம் இருந்த இடத்திலேயே இருந்தது. என்டர் விசை நீல நிறம். நடுவே அந்தச் சிவப்புக் குமிழ். மூடியில் பெயரின் பிற்பாதி பழையபடி மூன்று நிறங்களில். உட்பொருளோ அப்போது கடைகளில் விற்ற டி470 என்னும் சாதாரணக் கணினியின் உட்பொருள்தான். 14 அங்குலத் திரை, கோர் ஐ7 செயலி, 16 ஜி.பி. நினைவகம், 512 ஜி.பி. சேமிப்பு. விலை 1,899 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 1,23,000 ரூபாய். டி470 வகையிலேயே எளிய செயலி கொண்ட ஒன்றை மகன் ஏறத்தாழப் பாதி விலைக்குக் கண்டிருந்தான்.

"வாப்பா, சாதாவா ஸ்பெஷலா? நீங்க சொல்லுங்க. என் மனசு ஸ்பெஷல்லதான் இருக்கு" என்றான்.

'சிறப்புப் பதிப்பு' என்ற சொல்லிடம் எனக்கு நெடுநாளாகவே ஐயம் உண்டு. புத்தக உலகில் இது பழைய வியாபாரம். அதே பாடம், அதே பிழைகள். அட்டையைக் கெட்டியாக்கிப் பொன்னெழுத்துப் பதித்தால் விலை இரட்டிப்பு. கணினி உலகத்தாரும் இதற்குச் சளைத்தவர்கள் அல்லர். 2003ஆம் ஆண்டு வாக்கில் ஏசர் நிறுவனம் ஃபெராரிப் பந்தயக் காரின் பெயரில் சிவப்பு மூடியும் குதிரைச் சின்னமும் கொண்ட மடிக்கணினியை விற்றது. 2015இல் ஹெச்.பி. நிறுவனம் ஒரு திரைப்பட வரிசையின் பெயரால் ஒன்று கொண்டுவந்தது. இவற்றையெல்லாம் விஞ்சியது 2006இல் ஆப்பிள் செய்தது. வெள்ளை மேக்புக் 1,299 டாலர். கறுப்பு மேக்புக் 1,499. செயலி ஒன்றே, திரை ஒன்றே. கறுப்பில் சேமிப்புத் தட்டு 60 ஜி.பி.க்குப் பதில் 80 ஜி.பி. அந்த வேறுபாட்டை வெள்ளையிலேயே கேட்டு வாங்கினால் 50 டாலர்தான். எஞ்சிய 150 டாலர் கறுப்புச் சாயத்தின் விலை! அதையும் மக்கள் மகிழ்ந்து வாங்கினார்கள் என்பதை நினைத்தால், நம் கடைத்தெருப் புடைவை வியாபாரிகள் மேலை நாட்டாரிடம் கற்க வேண்டியது ஒன்றுமில்லை என்று தோன்றுகிறது.

ஆனால் இந்தச் சிறப்பு அத்தகையதன்று. இங்கே பணம் வாங்குவது சாயத்துக்கன்று. விரல் படும் இடத்துக்கு. எழுதுகோலில் மூடியைப் பொன்னாக்குவது வேறு, முள்ளைப் பொன்னாக்குவது வேறு அல்லவா? ஒளிப்பானேன், எனக்கு அது வேண்டியிருந்தது. இரவில் எல்லாரும் உறங்கிய பின் கைப்பேசியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபத்தேழு வயதில் ஒரு பொருளுக்காக அவ்வாறு ஏங்கியது எனக்கே வெட்கமாக இருந்தது.

நிற்க. என் மகளின் மகள் அவ்வாண்டுதான் நெல்லையில் பொறியியற் கல்லூரியில் சேர்ந்திருந்தாள், கணினிப் பிரிவு. அரசு அப்போது தந்த விலையில்லா மடிக்கணினி அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் படித்தோர்க்கே உரியதாயிருந்தது. இவள் படித்தது தனியார் பள்ளி. மருமகன் சவூதியில் பதினெட்டு ஆண்டுகள் இருந்து, வேலை போய் முந்தின ஆண்டுதான் திரும்பியிருந்தார். கல்லூரிக் கட்டணத்துக்கு மகளின் வளையல்கள் போயிருந்தன. பேத்தி தோழியின் கணினியை இரவல் வாங்கி, தோழி உறங்கிய பின் விடுதியிலிருந்து செய்முறைப் பாடங்களை முடித்து அனுப்புகிறாள் என்பதை நான் அறிவேன். அவளாகச் சொல்லவில்லை. என்னிடம் ஒருநாள், "அப்பா, ஒங்க பழைய கம்ப்யூட்டரை ரிப்பேர் பண்ணவே முடியாதா?" என்று கேட்டாள். (எங்கள் வீட்டில் பாட்டனாரை 'அப்பா' என்றே அழைப்பது வழக்கம்.) அக்கேள்வியிலிருந்து நானே விசாரித்து அறிந்தேன்.

மாமன் அமெரிக்காவில் இருக்க, மருமகளுக்கு இந்த நிலை ஏன் என்று வாசகர் கேட்கலாம். அதைச் சொல்லாமல் இக்கட்டுரை எழுதப் பயனில்லை.

என் மனைவியின் பெயரில் ஒரு மனை உண்டு, ஒன்பது சென்ட். அவள் கடைசி எட்டு மாதமும் படுக்கையில் கிடந்தபோது உடனிருந்து எல்லாம் செய்தவள் மகள். ஒரு நாள் மனைவி எங்கள் இருவர் முன்னிலையில், "மனை ஒனக்குத்தான்" என்று மகளிடம் சொன்னாள். எழுத்தில் ஒன்றும் இல்லை. எழுதியிருந்தாலும், வாரிசுக்கு வஸிய்யத் செய்தால் மற்ற வாரிசுகள் மனமொப்பினாலன்றிச் செல்லாது என்பது இதைப் படிப்போர் அறிந்ததே. பாகப்பிரிவினை எளிது: நான்கில் ஒன்று எனக்கு, இரண்டு மகனுக்கு, ஒன்று மகளுக்கு. நாற்பதாம் நாள் கழிந்து பேச்சு வந்தபோது மகன், "ஷரீஅத் சொன்னபடி பிரிப்போம் வாப்பா, அதுக்கு மேலே யாரும் பேச வேண்டாமே" என்றான். அவன் சொன்னதில் தவறில்லை. அண்ணன் தானாகவே விட்டுக்கொடுப்பான் என்று மகள் எதிர்பார்த்திருந்தாள். அவள் எதிர்பார்த்ததிலும் தவறில்லை. 'உம்மா சொன்னதைப் பொய்யென்கிறானா?' என்று அவள் அழுதாள். 'என்னைப் பேராசைக்காரன் என்கிறாளா?' என்று அவன் கொதித்தான். அதன் பின் இரண்டாண்டுகள் இருவரும் பேசவில்லை. நானோ என் கால் பங்கை இவளுக்கு எழுதலாமா என்று எண்ணி, அது அவனுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னதாகிவிடுமே என்று அஞ்சி, ஒன்றும் செய்யாமல் இருந்தேன். நடுநிலை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். உண்மையில் அது கோழைத்தனம்.

இந்த நிலையில்தான் அந்தக் கேள்வி வந்தது. ஒரு ஸ்பெஷலின் விலையில் இரண்டு சாதா வாங்கலாம். கணக்கு அவ்வளவுதான். ஆனால் இரண்டாவது யாருக்கு என்று மகன் கேட்பானே! கேட்டால் தங்கையின் பெயரை நான் சொல்ல வேண்டும். இரண்டாண்டுகளாக எங்கள் தொலைபேசிப் பேச்சில் அப்பெயர் வந்ததில்லை.

மூன்று நாள் கழித்து நானே அழைத்தேன். மனத்தில் இருந்ததைச் சொல்வதற்குப் பதிலாகக் கணினியைப் பற்றிப் பேசினேன். "இந்த ஸ்பெஷல்ல இருக்கறது ஏழாம் தலைமுறைச் செயலி. எட்டாம் தலைமுறை ஆகஸ்ட் மாசமே வந்துட்டுது. இரண்டு உள்ளகத்துக்குப் பதிலா நாலு. இன்னும் ரெண்டு மூணு மாசத்துல இதைவிட வேகமானது குறைஞ்ச விலைக்கு வரும். அப்புறம், ஒரு விசை உடைஞ்சா இந்தப் பலகை இங்கே எங்கே கிடைக்கும்? சாதாவுக்குன்னா சென்னை ரிச்சி தெருவுல எத்தனையோ" என்றெல்லாம் அடுக்கினேன். சொன்னவை யாவும் மெய். ஆனால் அவற்றுள் ஒன்றுகூட நான் வேண்டாமென்றதன் காரணம் அன்று. மெய்யான சொற்களைக் கொண்டே ஒருவன் பொய் சொல்ல முடியும் என்பதை அன்று என் வாயாலேயே கேட்டேன்.

அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு, "வாப்பா, ஒங்க விரலு அந்தப் பலகையில ஓடுறதை ஒரு தடவை பார்க்கணும்னு நினைச்சேன்" என்றான்.

அதன் பிறகு என்னால் செயலியைப் பற்றிப் பேச முடியவில்லை. "சாதா போதும்ப்பா. ரெண்டா வாங்கு" என்றேன். யாருக்கென்று அவன் கேட்கவில்லை. "சரி, பார்க்கிறேன்" என்று வைத்துவிட்டான். நாள்தோறும் அழைப்பவன் ஒன்பது நாள் அழைக்கவில்லை. அந்த ஒன்பது நாளும் நான் என்னையே நொந்துகொண்டேன். பேத்திக்கு ஒரு கணினி என்று நேராகக் கேட்டிருந்தால் அவன் மறுத்திருக்க மாட்டான் என்று ஒரு வேளை தோன்றும். நேராகக் கேட்டிருந்தால் பழைய வழக்கெல்லாம் வந்திருக்கும் என்று மறுவேளை தோன்றும். பத்தாம் நாள் ஒரு குறுஞ்செய்தி வந்தது: 'இரண்டு வாங்கியாயிற்று. டிசம்பரில் கொண்டுவருகிறேன்.'

டிசம்பரில் மனைவியோடு வந்தான். பதினெட்டு வயது நிறைந்த பயணி ஒருவர் ஒரு மடிக்கணினியைச் சுங்கமின்றிக் கொண்டுவரலாம் என்பது விதி. அவன் பேருக்கு ஒன்று, மருமகள் பேருக்கு ஒன்றாகக் கொண்டுவந்திருந்தான். இரண்டு பெட்டிகளையும் என் கட்டிலின் மேல் வைத்து, "நீங்களே கொடுத்துருங்க வாப்பா" என்றான். "ஒண்ணு எனக்கு. இன்னொண்ணை நீ கொண்டுவந்தே, நீ கொடு" என்றேன். பதில் சொல்லாமல் வெளியே போய்விட்டான். பெட்டி இரண்டு நாள் கட்டிலின் மேலேயே கிடந்தது.

மூன்றாம் நாள் கல்லூரி விடுமுறையில் பேத்தி வந்தாள். நான்தான் வரச் சொன்னேன். மாமனைக் கண்டு வாசலிலேயே நின்றாள். அவன் அவளைச் சிறுமியாகப் பார்த்தவன். நெடிய பெண்ணாய் வளர்ந்து நிற்பவளைக் கண்டு ஒரு கணம் தடுமாறினான். "எந்தப் பிரிவு எடுத்திருக்கே?" என்று கேட்டான். அவள் சொன்னாள். "சி மொழி நடத்திட்டாங்களா?" என்றான். அதன் பின் அவர்கள் பேச்சு எனக்கு விளங்கும் எல்லையைக் கடந்துவிட்டது. பெட்டியை அவனே பிரித்தான். பின்பக்க மின்கலத்தைக் கழற்றி மாட்டுவது எப்படி, அது குறையும்போது உள்ளிருக்கும் மற்றொரு கலம் எவ்வாறு தாங்கும் என்பதெல்லாம் தரையில் அமர்ந்து காட்டினான். அஸர் தொழுகைக்கு நான் போய்த் திரும்பியபோதும் இருவரும் அதே இடத்தில் இருந்தார்கள்.

அன்று இரவு மகள் வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டி வந்தது. இடியாப்பமும் கறியாணமும். உம்மாவின் கைப்பக்குவம் அப்படியே அவளுக்கு உண்டு. மகன் ஒன்றும் பேசாமல் உண்டான். மறுநாள் சட்டியைத் திருப்பிக் கொடுக்க மருமகள் போனாள். அதற்கு மறுநாள் அவனும் போனான். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. மனை தீர்ந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். அது இன்றும் பிரிபடாமல் முள்செடி வளர்ந்து கிடக்கிறது. வரியை மூவரும் மாற்றி மாற்றிக் கட்டிவருகிறோம். ஆனால் பேச்சு வந்துவிட்டது.

நான் சாக்காகச் சொன்ன காரணங்கள் எல்லாம் பின்னாளில் பலித்தன. 2018 ஜனவரியில் நான்கு உள்ளகச் செயலியோடு டி480 அறிவிக்கப்பட்டது. 2022இல் என் கணினியின் இடைவெளி விசை அமுங்கியது எழவில்லை. முப்பதாண்டு தட்டெழுத்துக்காரனின் கட்டைவிரலுக்கு ஈடு கொடுப்பது எளிதா? நெல்லையில் ஒரு பழுது பார்க்கும் தம்பி சென்னையிலிருந்து முழு விசைப்பலகையையே வரவழைத்து, அரை மணியில் மாற்றிக் கொடுத்தார். வெள்ளிவிழாப் பதிப்பின் பலகை கிடைக்குமா என்று வெறும் ஆவலால் கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

ஆயினும் வாங்கியது சரி என்று சொல்லி என் குறையை மறைக்க மாட்டேன். ஆறு வரிசைப் பலகையில் பக்கம் புரட்டும் விசைகள் இரண்டும் அம்புக்குறிகளுக்கு நடுவே வந்து ஒண்டிக்கொண்டிருக்கின்றன. ஓர் எழுத்து இடப்புறம் நகர வேண்டிச் சுண்டுவிரலை வைத்தால் ஒரு முழுப் பக்கம் மேலே ஓடிவிடுகிறது. எட்டாண்டுகளாகியும் என் விரல் இதைக் கற்கவில்லை. நாளுக்கு இருபது முறையாவது அந்த நீல விசைப் பலகையை நினைத்துக்கொள்கிறேன். அதை வேண்டாமென்றது தியாகம் என்று யாரேனும் சொன்னால் ஏற்கமாட்டேன். தியாகமாயிருந்தால் மறந்திருக்குமே!

பேத்தி 2021இல் தேறிச் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தாள். நிறுவனமே அவளுக்கு வேறு கணினி கொடுத்துவிட்டது. பழையதைத் தாயிடம் விட்டுப்போனாள். ஒரு நாள் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுக்களையை ஒட்டிய மேசையில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் அடித்துக்கொண்டிருந்தாள். பழைய தட்டெழுத்து முறைதான். நகரா விசை முதலில், எழுத்து பின்னே. முப்பதாண்டு இடைவெளிக்குப் பின்னும் அந்த வேகம் குறையவில்லை. உம்மா வாசித்துச் சொல்ல நான் அடித்து நின்றுபோன நோட்டின் பிற்பகுதியை என்னிடம் கேட்டு வாங்கிப் போயிருந்தாள். அரபுத்தமிழை வாசிக்கத் தாயிடம் கற்றவள் எங்கள் வீட்டில் அவள் ஒருத்திதான். இப்போது மூன்றாம் நோட்டு முடிந்து நான்காவது நடக்கிறது. தாலாட்டுப் பகுதியில் ஒரு சொல் விளங்கவில்லை என்று சென்ற மாதம் அண்ணனுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினாள். அவனுக்கும் விளங்கவில்லை.

2025 அக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்குரிய ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கு எட்டாம் தலைமுறையோ அதற்கு மேற்பட்டதோ ஆகிய செயலி வேண்டுமென்பது விதி. ஆகவே சாதாவும் ஸ்பெஷலும் ஒரே நாளில் ஒன்றாகத்தான் கிழமாயின. பேத்தி விடுமுறைக்கு வந்தபோது இரண்டு கணினிகளிலும் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தாள். விலையில்லாதது, பழைய தட்டெழுத்து முறையும் அதில் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து அமைக்க ஒரு மாலைப்பொழுது ஆயிற்று.

சென்ற வாரம் மகன் அழைத்தபோது, "இன்னும் அந்தப் பழைய மெஷின்லதான் அடிக்கிறீங்களா வாப்பா?" என்று கேட்டான். பின்பு குரலைச் சற்றுத் தாழ்த்தி, அவனுடைய ஊரில் ஒருவர் அந்த வெள்ளிவிழாப் பதிப்பைப் பழைய விலைக்குப் போட்டிருக்கிறார், பலகை பழுதின்றி இருக்கிறது, பேசிப் பார்க்கட்டுமா என்றான். இந்த வயதில் அதெல்லாம் எதற்கு என்று சொல்ல வாயெடுத்தேன்.

விலை என்ன சொல்கிறார் என்று கேட்டு வைக்கும்படி சொல்லியிருக்கிறேன்.